முதல் பீஸாகப் போன என் அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அக்காவின் காக்களூர்த் தோழியருக்கும் என் வணக்கம். அக்கா இருந்திருந்தால் இதை வாங்கியவுடன் படித்திருக்க மாட்டார். முதலில் பின்னட்டையைத் திருப்பி எந்த அச்சகம் என்று பார்ப்பார். பிறகு பக்கம் ஏதும் விட்டுப்போயிருக்கிறதா என்று புரட்டுவார். அதற்கப்புறம்தான் போட்டோவுக்கே வருவார். எடுத்த எடுப்பில் எதையும் நம்பியவர் இல்லை அவர். பாலை மோந்து பார்ப்பார். பஸ்ஸில் போர்டைப் படித்துவிட்டு கண்டக்டரையும் கேட்பார். உட்கார்ந்த பிறகு பக்கத்து சீட்டுக்காரரையும் கேட்பார். "சாமியே வந்து நின்னாலும் உங்க அக்கா ஆதார் கார்டு கேப்பா" என்று அம்மா சொல்வது எங்கள் தெருவுக்கே தெரியும்.

அக்கா பிறந்தது திருவாலங்காட்டுப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர்கள். அப்பாவுக்குக் காக்களூர்த் தொழிற்பேட்டையில் லோடுமேன் வேலை கிடைத்ததும் குடும்பமே இங்கே வந்தது. அக்கா பத்தாவது தேறிய வருஷம் அப்பா போய்ச் சேர்ந்தார். நான் அப்போது நாலாவது. இரண்டு வருஷம் வீட்டிலிருந்தபடி அம்மாவோடு கூலிக்குப் போய்விட்டு, வயது நிரம்பியதும் அக்கா மருந்து பாட்டில் மூடி செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். கடைசி வரை அங்கேதான். செக்கிங் மேசை. மூடியை வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தை நகத்தால் சுரண்டி, கோணல் இருந்தால் "ரிஜெக்ட்" என்று சிவப்புத் தொட்டியில் போடுவது அவர் வேலை. பெண் பார்க்க வந்த மூன்று பேரையும் அதே தொட்டியில்தான் போட்டார். ஒருவர் சம்பளத்தைக் கூட்டிச் சொன்னாராம், ஒருவர் வயதைக் குறைத்துச் சொன்னாராம். மூன்றாமவர் ரொம்ப நல்லவராக இருந்தாராம், அதுதான் சந்தேகமாம்.

அக்காவின் சம்பளத்தில் படிக்க வேண்டிய நான் ப்ளஸ் ஒன்னில் பாதியில் நின்றேன். யாரும் நிறுத்தவில்லை. கசந்தது, நின்றேன். அக்கா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பிறகு கும்மிடிப்பூண்டியில் கம்பி செய்யும் ஆலை ஒன்றில் காண்ட்ராக்ட் காவலாளியாகச் சேர்ந்தேன். ஷிப்ட் முடிந்து போகிறவர்களின் பையையும் சாப்பாட்டு டப்பாவையும் திறந்து பார்ப்பது என் வேலை. ஆக, சந்தேகப்பட்டே பிழைத்த குடும்பம் எங்களுடையது.

ஒருநாள் ஆலை போர்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். டிகிரி இருந்தால் கேட்டில் நிற்கிறவர்களில் சிலரை ஆபீஸில் நிரந்தரமாக்குவார்கள் என்றிருந்தது. மறுவாரமே எங்கள் கேட்டுக்கு வெளியே ஒருவர் துண்டுத்தாள் கொடுத்துக்கொண்டு நின்றார். வேலையை விடாமல் டிகிரி. ப்ளஸ் டூ தேவையில்லை. ஆறே மாதம். நோட்டீஸ் ஒட்டிய சூட்டோடு அந்த ஆள் எப்படி வந்தார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். டப்பாவுக்குள் ஒளித்துவைத்த போல்ட்டைக் கண்டுபிடிக்கிறவனுக்கு அது தோன்றவில்லை.

திருவள்ளூரில் ஒரு ஸ்வீட் கடை மாடியில் அவர்களுக்கு ஆபீஸ் இருந்தது. அக்காவை அழைத்துக்கொண்டு போனேன். டை கட்டிய ஒருவர் எங்களுக்குக் கூல்டிரிங்க்ஸ் வரவழைத்தார். அக்கா அதைத் தொடவில்லை.

"எக்ஸாம் எங்க சார் நடக்கும்?"

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் மேடம். தம்பி வரவே வோணாம்."

"புக்கு?"

"எதுக்கு மேடம் பேஜாரு? வேலைக்குப் போறவங்களுக்கு ஈஸியா இருக்கணும்னுதானே நாங்க கீறோம்."

நம்பிக்கைக்காக அவர் இரண்டு பட்டச் சான்றிதழ்களை எடுத்து வைத்தார். இரண்டும் வெவ்வேறு மாநிலத்து வெவ்வேறு பல்கலைக்கழகங்களின் பெயரில் இருந்தன. அக்கா இரண்டையும் வாங்கிக்கொண்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தை நகத்தால் சுரண்டினார். என் மானமே போனது. திரும்பி வந்து மேசையில் வைத்தார்.

"ரெண்டு ஊரு, ரெண்டு காலேஜு. கையெழுத்து போட்டவரு மட்டும் ஒரே ஆளா சார்?"

அவர் பதில் சொல்வதற்குள் அக்கா படியிறங்கிவிட்டார். கீழே வந்து என்னிடம் சொன்னது ஒரே சொல். "ரிஜெக்ட்."

தெருவிலேயே சண்டை போட்டேன். அக்கா பொறுமையாகத்தான் சொன்னார். "டேய், ப்ளஸ் டூ இல்லாம வாங்குன டிகிரிய வச்சிக்கினு எங்க கம்பெனி மேரியோட அண்ணன் எத்தன ஆபீஸு ஏறி எறங்குனாருன்னு உனுக்குத் தெரியாது. செல்லாதுன்னு வாசல்லயே திருப்பிட்டாங்க. அதாச்சும் நெஜ டிகிரி, இது அதுவும் இல்ல. மொதல்ல ப்ளஸ் ஒன்னு, அப்பால ப்ளஸ் டூ, வெளிய இருந்தே எழுதலாம். அப்பால தொறந்தநிலைல சேரு. புக்கு ஊட்டுக்கே வரும். கிளாஸு லீவு நாள்லதான். இந்த ஆளு கேக்கறதுல பாதி கூட ஆவாது."

"அஞ்சு வருஷம் ஆவும்க்கா!"

"ஆவட்டும். உனுக்கு இன்னா ரயிலா போவுது?"

அன்று ராத்திரி எனக்கு வந்த நினைப்பை இந்த மலரில் எழுதத்தான் வேண்டும். பத்தாவதோடு நின்றவருக்குத் தம்பி பட்டதாரி ஆவது பொறுக்கவில்லை என்று நினைத்தேன். எனக்காக நின்றவரைப் பற்றி நான் அப்படி நினைத்தேன். அதோடு நிற்கவில்லை. அடுத்த வாரம் அக்காவுக்குத் தெரியாமல் போய் அந்த மாடியில் முன்பணம் கட்டிவிட்டு வந்தேன். மூன்றாம் மாதம் அங்கே பூட்டு தொங்கியது. ஸ்வீட் கடைக்காரர், "அவங்களா? காலி பண்ணிக்கினு பூட்டாங்களே" என்றார். இன்றுவரை நான் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. ஆலை போர்டில் இருந்த நோட்டீஸும் ஒருநாள் காணாமல் போனது. அந்த இடத்துக்கு யாரையாவது எடுத்தார்களா, எடுக்கிற எண்ணமாவது இருந்ததா என்பது எனக்கு இப்போதும் சந்தேகம்தான்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே போக ஆரம்பித்தார். நான் வாரம் முழுக்க கும்மிடிப்பூண்டியில் அறை எடுத்துத் தங்கிவிட்டு ஞாயிறுதான் வீட்டுக்கு வருவேன். வந்தால் அக்கா இல்லை. கேட்டால் "ஓவர்டைம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காக்களூரில் அவர் கம்பெனி கேட் மூடியிருப்பதை நான் பஸ்ஸிலிருந்தே பார்த்திருக்கிறேன். அம்மாவைக் கேட்டேன், மழுப்பினார். யாரையாவது பிடித்திருக்கிறதா, சீட்டு கீட்டு கட்டி ஏமாறுகிறாரா என்று என்னென்னவோ ஓடியது. நாலாவது ஞாயிறு, சாயங்காலம் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, கேட்டில் கேட்கிற அதே குரலில் கேட்டேன்.

"பையத் தொற."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பையை நீட்டினார். மேலே சாப்பாட்டு டப்பா. அதற்குக் கீழே பழைய ப்ளஸ் ஒன் புத்தகங்கள், யாரோ அடிக்கோடிட்டவை. ஒரு நோட்டு. தனித்தேர்வராக எழுதுவதற்கான விண்ணப்பத்தின் நகல். அதில் அக்காவின் போட்டோ. மேரி அக்கா வீட்டு மாடியில் கம்பெனிப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து படிக்கிறார்களாம்.

"இன்னாத்துக்கு பொய் சொன்ன?" என்றேன்.

"ஃபெயிலானா நாலு பேரு சிரிப்பாங்க. பாஸானா சொல்லலாம்னு இருந்தேன்."

"உனுக்கு எதுக்குக்கா இப்ப டிகிரி?"

"எனுக்கு எதுக்கு? நீதான் நம்பல இல்ல. நான் சொல்ற வழி நெஜமா, அதுவும் டுபாக்கூரான்னு யாருனா போய்ப் பாக்க வோணாமா? மொத பீஸு நான் போறேன். சரியா வந்தா நீ வா."

முதல் பீஸ் என்பது என்னவென்று காக்களூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். மெஷினில் புது வேலை போட்டால், முதலில் விழும் மூடியைச் செக்கிங் மேசைக்கு எடுத்து வருவார்கள். அதைப் பார்த்து அக்கா "ஓட்டு" என்று சொன்னால்தான் மெஷின் ஓடும். அந்த முதல் பீஸ் விற்பனைக்குப் போகாது. அடையாளச் சீட்டுக் கட்டி மெஷின் பக்கத்திலேயே தொங்கவிடுவார்கள். பின்னால் வருவது எல்லாம் அதன்படி வருகிறதா என்று பார்ப்பதற்கு.

அப்படித்தான் நடந்தது. அக்கா ப்ளஸ் ஒன் எழுதித் தேறினார். மார்க் பட்டியலைக் காட்டி, "வருதுடா" என்றார். மறுவருஷம் அவர் ப்ளஸ் டூ எழுதினார், நான் ப்ளஸ் ஒன் எழுதினேன். பிறகு அவர் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு சேர்ந்தார். சேர்வதற்கு முன் சென்னைக்குப் போய் அந்தக் கட்டடத்தையே நேரில் பார்த்துவிட்டு வந்தார். இருக்கிறது, மூன்று மாடி, கேண்டீனில் டீ சுமார் என்று எனக்கு போன் செய்தார். பார்சலில் புத்தகம் வந்தபோது நம்பாமல் நாலைந்து பக்கம் படித்த பிறகே கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொல்லித் தபால்காரரை நிற்கவைத்தார். அவர் பழகிய பாவத்துக்கு நின்றார். மறுவருஷம் நானும் அங்கேயே வரலாறு சேர்ந்தேன். அக்கா படித்து முடித்த புத்தகம் ஒரு வருஷம் கழித்து எனக்கு வரும். ஓரத்தில் பென்சிலால் "இது பரீட்சைல கேட்டான்", "இது கேக்கல", "இது பொய்னு நெனக்கிறேன்" என்று எழுதியிருப்பார். மூன்றாவது வகைதான் அதிகம்.

கடைசி வருஷம் வயிற்றில் கட்டி என்றார்கள். சென்னை அரசு மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். அட்டையில் தேதி பார்க்காமல் அக்கா ஒரு மாத்திரையையும் விழுங்கவில்லை. கடைசிப் பரீட்சையை, முடி கொட்டிய தலையில் துணி கட்டிக்கொண்டு போய் எழுதினார். ஹால் டிக்கெட் போட்டோவில் முடி இருக்கிறது, ஆள்மாறாட்டம் என்று நினைத்துவிடுவார்களோ என்பதுதான் அவருக்கு ஒரே கவலை. யாரும் அப்படி நினைக்கவில்லை.

தற்காலிகச் சான்றிதழ் வந்தபோது அக்கா படுக்கையில் இருந்தார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். நான்தான் வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரத்தை மட்டும் அவர் நகத்தால் சுரண்டினார்.

"ஒரிஜினல்தானா, போன் போட்டு கேட்டியா?"

"கேட்டேன்க்கா."

"யாராண்ட கேட்ட?"

"ஆபீஸ்லயே."

மறு ஓரத்தையும் ஒருமுறை சுரண்டினார். பிறகு என்னைப் பார்த்து, "சரி. ஓட்டு" என்றார். பன்னிரண்டாம் நாள் எங்களை விட்டுப் போனார்.

ஏழெட்டு நாள் நான் புத்தகத்தைத் தொடவில்லை. அம்மாதான் அக்காவின் புத்தகப் பையை எடுத்து என் முன்னால் வைத்தார். "அவ சும்மா வுடுவானு நெனக்கிறியா?" என்றார். படித்தேன். எழுதினேன். நிரந்தர வேலை இன்னும் கிடைக்கவில்லை, இன்னமும் கேட்டில்தான் நிற்கிறேன். ஆனால் போன வாரம் என் சான்றிதழும் வந்தது.

அக்காவுக்குப் படிக்க வீட்டு மாடியைக் கொடுத்த மேரி அக்காவுக்கும், பரீட்சை நாட்களில் ஷிப்ட் மாற்றித் தந்த மேற்பார்வையாளருக்கும், மருத்துவமனையில் அவர் கேட்ட அத்தனை கேள்விக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொன்ன செவிலியருக்கும், புத்தகப் பார்சலோடு எங்கள் வாசலில் நின்ற தபால்காரருக்கும், கடைசிக் காரியங்களில் தோள் கொடுத்த காக்களூர் மக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவிடம் மட்டும் ஒன்று பாக்கி. அந்த ஸ்வீட் கடை மாடியில் நான் பணம் கட்டியதை அவரிடம் கடைசி வரை சொல்லவில்லை. அவருக்கு அது தெரிந்தே இருந்தது என்பது என் சந்தேகம். தெரிந்தும் என் பையை அவர் ஒருநாளும் திறக்கச் சொல்லவில்லை.

நினைவு நாளன்று அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் இரண்டு சான்றிதழ்களையும் வைத்திருப்போம். ஒரே பல்கலைக்கழகம், அதனால் இரண்டிலும் கையெழுத்து ஒன்றாகத்தான் இருக்கும். வருகிறவர்கள் யாராவது அவற்றை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனால் நாங்கள் தவறாக நினைக்க மாட்டோம். நான் போய்ப் பார்த்துவிட்டேன். சரியாக இருக்கிறது, அக்கா.