பின்சீட்டின் இடது பக்கம்

காரோட்டிப் பிழைப்பவர்களுக்கு எழுதாத சட்டங்கள் சில உண்டு. ஓட்டும் காரின் பின்சீட்டில் நாங்கள் உட்கார மாட்டோம். யாரும் தடுப்பதில்லை, ஆனாலும் உட்கார மாட்டோம். மயிலாப்பூரில் ஒரே வீட்டுக்குப் பத்தொன்பது வருஷம் ஓட்டியிருக்கிறேன். பின்சீட்டைத் தினமும் துடைத்திருக்கிறேன், அதன் இடுக்கில் விழுந்த காதுத் தோட்டைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு மதியம்கூட அதில் சாய்ந்ததில்லை. அந்த வீட்டுக்கென்றே இன்னொரு சட்டமும் இருந்தது. சைவக் குடும்பம், அதனால் காருக்குள் மீன் வாசனை வரக்கூடாது. என் மனைவி மீன் குழம்பு கட்டிக்கொடுக்கும் நாட்களில் டப்பாவை வாட்ச்மேன் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் வண்டிச் சாவியை வாங்குவேன்.

நான் அம்மா என்று கூப்பிடுகிறவர் கல்லூரியில் கணக்குப் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்து மூன்று வயது. கணவர் காலமாகிவிட்டார். கோயில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறார். ஒரே மகன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். அவரை யூனிஃபார்மோடு பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டவன் நான் என்பதால் இன்றைக்கும் எனக்குத் தம்பிதான்.

போன வருஷம் தம்பி மூன்று வார லீவில் வந்தார். எங்கள் பழைய காரில் ஏசி போட்டால் அடையாறு பாலத்தில் ஏறாது. பாலத்தில் ஏற வேண்டுமென்றால் ஏசியை அணைக்க வேண்டும். இரண்டு நாள் அதில் வேர்த்துப்போன தம்பி அம்மாவுக்கு ஒரு நல்ல சொகுசு கார் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போவது என்று உட்கார்ந்துவிட்டார். ரொம்பப் பெரிதும் இல்லாமல், சின்னதும் இல்லாமல், நடுத்தர அளவில் மூன்று கம்பெனி கார்களைப் பொறுக்கி எடுத்தார். வெள்ளை ஒன்று, நீலம் ஒன்று, சாம்பல் ஒன்று. போனில் ஒரு அட்டவணை போட்டு எஞ்சினுக்கு இத்தனை மார்க், டிக்கிக்கு இத்தனை மார்க் என்று நிரப்பிக்கொண்டே வந்தார். கணக்கு வாத்தியார் பிள்ளை வேறு எப்படி இருப்பார்?

"அண்ணா, மூணையும் நீங்கதான் ஓட்டிப் பாத்துச் சொல்லணும்" என்றார் என்னிடம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை அன்று சாயங்காலம்வரைகூட நிற்கவில்லை.

சாயங்காலம் இருவரையும் பழைய காரில் தி.நகருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பனகல் பார்க் சிக்னலில் நிற்கும்போது தம்பி அம்மாவிடம் இங்கிலீஷில் சொன்னார். சாம்பல் வண்டி யாராவது குறுக்கே வந்தால் தானே பிரேக் போட்டுக்கொள்ளும், தானே பார்க் செய்துகொள்ளும், கோடு தாண்டாமல் தானே போகும். அது இருந்தால் நீயே ஓட்டலாம், டிரைவர் தேவையே இல்லை. எனக்குப் புரியாது என்று நினைத்திருக்க வேண்டும். பத்தொன்பது வருஷம் அந்த வீட்டுப் பேச்சைக் கேட்டால் ஸ்டீயரிங்குக்கே இங்கிலீஷ் வந்துவிடும். பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் நின்றேன். பின்னால் ஆட்டோக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.

ஐம்பத்திரண்டு வயதில் யார் எனக்குப் புதிதாக வேலை கொடுப்பார்கள்? அரசாங்கம் ஆற்றங்கரைக் குடிசைகளை இடித்து எங்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றிய பிறகு, விடிகாலை பஸ் பிடித்து நான் மயிலாப்பூர் வருவதே அந்த ஒரு சாவிக்காகத்தான். ஆனால் என் கவலை அது மட்டுமில்லை. அம்மாவைப் பற்றித் தம்பிக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.

டிரைவர் வைத்த வண்டியில் முதலாளி உட்காரும் இடம் பின்சீட்டின் இடது பக்கம். கண்ணாடியில் முகம் தெரியும், இறங்கினால் நேரே நடைபாதை. தம்பி வருவதற்கு இரண்டு வருஷம் முன் அம்மா திடீரென்று எனக்கு நேர் பின்னால், வலது பக்கத்துக்கு மாறினார். வெயில் அடிக்கிறது என்றார். பொழுது சாய்ந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்தார். ஒருநாள் கண் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியில் ஏறியதும் அவரே சொன்னார்.

"இடது கண்ணு போயிடுத்து. சொட்டு மருந்து போட்டாலும் திரும்பாதாம். அந்தப் பக்கம் யார் வந்தாலும் தலையைத் திருப்பினாத்தான் தெரியறது. அதான் ஜன்னல் வலது பக்கம் இருக்கும்படி உக்காந்துக்கறேன். அவன்கிட்ட சொல்லிடாதே. தெரிஞ்சா ஆத்தைப் பூட்டிண்டு என்னை அழைச்சிண்டு போயிடுவான். அந்தக் குளிர்ல என்னால முடியாது."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். தம்பி போனில் கேட்டபோதெல்லாம், "அம்மா சூப்பரா கீறாங்க தம்பி" என்று சொன்னது நான்தான். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாது என்பார்கள். நான் பொய் சொல்லித்தான் இரண்டு வருஷம் போஜனம் செய்தேன்.

ஒவ்வொரு காரையும் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன். மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட லஸ், அங்கிருந்து ராயப்பேட்டை மார்க்கெட் நெரிசல், கடைசியில் எங்கள் ஃபிளாட்டின் இரண்டு தூண்களுக்கு நடுவே பார்க்கிங். தம்பியின் அட்டவணையில் இல்லாத ஒரு கணக்கு என்னிடம் இருந்தது. ஏறி இறங்குவதற்குள் அம்மா எத்தனை முறை கையை ஊன்றுகிறார் என்பதுதான் அது. வெள்ளையில் மூன்று முறை. தாழ்வான வண்டி, பள்ளிக்கூடத்துப் பக்கத்து வேகத்தடையில் அடிவயிறு வேறு உரசியது. நீலத்தில் இரண்டு முறை. சத்தமில்லாத நல்ல வண்டி, ஆனால் பின்சீட்டில் குலுக்கல். சாம்பலில் ஒரே முறை. பள்ளம் இருந்ததே தெரியாமல் போனது, தூண்களுக்கு நடுவே தானே நுழைந்து நின்றது. பின்சீட்டின் இடது பக்கத்தில் ஒரு பொத்தான். அமுக்கினால் முன்சீட் விலகி, கால் நீட்ட இடம் கொடுக்கிறது. தம்பி அதற்குப் பத்துக்குப் பத்து போட்டார். அம்மா அந்தப் பக்கம் உட்காரவே மாட்டார் என்று அவருக்கு யார் சொல்வது?

ஆக, என் கணக்கிலும் ஜெயித்தது என் வேலையைப் பறிக்கப்போகிற வண்டிதான். ராயப்பேட்டையில் அதைக் கண்டபடி ஓட்டி, சும்மா சும்மா பிரேக் அடிக்க வைத்து, அம்மாவைப் பயமுறுத்தியிருக்கலாம். நினைக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். கை வரவில்லை.

"நல்ல வண்டி தம்பி. மூணுல இதான் பெஸ்ட்" என்றேன்.

"அப்ப ஞாயித்துக்கிழமை அம்மா ஓட்டிப் பாக்கட்டும்" என்றார் அவர்.

அம்மா மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் மறுத்தால் ஏன் என்று மகன் கேட்பார். அதனால் அவர் சிரித்துக்கொண்டே, "எனக்கு லைசென்ஸ் வந்தப்போ நீ பொறக்கவே இல்லைடா" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷோரூம்காரர் சாம்பல் வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்தார். அம்மா ஸ்டீயரிங்கில், பக்கத்தில் தம்பி. பின்னால் வலது பக்கம் டை கட்டிய ஷோரூம்காரர் ஏறிக்கொண்டார். மிச்சம் இருந்தது இடது பக்கம். வாழ்க்கையில் முதல் தடவையாக அங்கே உட்கார்ந்தேன். அவ்வளவு மெத்தென்ற இருக்கையில் உட்கார்ந்தும் எனக்கு முள் மேல் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது.

கச்சேரி ரோட்டில் மெதுவாகத்தான் போனார். நொடிக்கொரு தரம் தலையை இடப்பக்கம் திருப்பிக்கொண்டார். தம்பி அதை ஜாக்கிரதை என்று எடுத்துக்கொண்டார். என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு வளைவிலும் வாய் திறந்து மூடினேன். சொன்னால் வேலைக்காகச் சொல்கிறான் என்பார்கள். செய்த சத்தியம் வேறு இருக்கிறது.

சாந்தோம் தாண்டிக் கடலோரச் சாலைக்கு வந்ததும் ரோடு காலியாக இருந்தது. அம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது, தலையைத் திருப்புவதை நிறுத்திவிட்டார். இடது ஓரம் நின்ற லோடு ஆட்டோவுக்குப் பின்னாலிருந்து தலையில் மீன் அன்னக்கூடையோடு ஒரு பெண் ரோட்டில் இறங்கினாள். எனக்குத் தெரிகிறது, தம்பி போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அம்மாவின் கால் ஆக்சிலேட்டரில் அப்படியே இருக்கிறது.

"அம்மா, லெஃப்ட்டு!" என்று கத்தினேன்.

நான் கத்தி முடிப்பதற்குள் வண்டி தானே பிரேக் அடித்தது. பெல்ட் நெஞ்சைப் பிடித்தது. அந்தப் பெண்ணுக்கும் பானெட்டுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தால் அதிகம். கூடை சாய்ந்து நாலு மீன் ரோட்டில் விழுந்தன. அவள் பானெட்டை ஓங்கி அறைந்தாள்.

"இன்னாம்மா, கண்ணு இன்னா பொடனியிலயா கீது? வூட்ல சொல்லிக்கினு வந்தியா?"

தம்பி முகத்தில் வெளிச்சம். "பாத்தியாம்மா? தானே நின்னுடுத்து!" ஷோரூம்காரர் அந்த பிரேக்கின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இன்றைக்கு வண்டி பார்த்துவிட்டது. நாளைக்கு அதுவும் பார்க்காமல் விட்டால்?

"தம்பி, அம்மாவுக்கு எடது கண்ணு தெரியாது" என்றேன்.

அம்மா திரும்பாமலேயே சொன்னார்.

"வேலை போயிடுமேன்னு சொல்றான். விடு."

பத்தொன்பது வருஷம். ஆஸ்பத்திரி வாசல்களில் எத்தனை மணி நேரம் நின்றிருப்பேன், அவருக்காக எத்தனை பொய் சொல்லியிருப்பேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவைத் திறந்து அப்படியே கடற்கரை மணலில் இறங்கி நடந்திருப்பேன். அழுகையும் வந்தது. ஷோரூம்காரர் முன்னால் அழக்கூடாது என்பதற்காக இறங்கிப் போய் ரோட்டில் கிடந்த மீன்களைப் பொறுக்கி அந்தப் பெண்ணின் கூடையில் போட்டுவிட்டு வந்தேன்.

தம்பி அம்மாவோடு இடம் மாறி, தானே வண்டியை ஓட்டினார். அடையாறு வழியாகச் சுற்றி தி.நகர் ஷோரூமுக்கு வந்தோம். உள்ளே காபி வந்தது. புக்கிங் ஃபாரத்தை மேஜையில் விரித்தார்கள். வண்டி அம்மா பெயரில் என்பதால் கையெழுத்து அவர் போட வேண்டும். நான் மீன் நாற்றக் கையோடு வாசல் ஓரம் நின்றிருந்தேன்.

ஷோரூம்காரர் அம்மாவின் இடது பக்கம் நின்று பேனாவை நீட்டினார்.

அம்மா வாங்கவில்லை. ஃபாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனா அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு அம்மா வலது பக்கம் கையை நீட்டி, "பேனா குடுங்கோளேன்" என்றார்.

தம்பி அந்தப் பேனாவைப் பார்த்தார். அம்மாவின் காலிக் கையைப் பார்த்தார். மெதுவாகப் பேனாவை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"எத்தனை நாளா அண்ணா?"

"ரெண்டு வர்ஷமா தம்பி. நீங்க கேக்கறப்போ பொய் சொன்னது நாந்தான். அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க."

அவர் கண் கலங்கியது. அதைத் துடைத்துக்கொண்டு, "எந்த வண்டி வாங்கட்டும், சொல்லுங்கோ" என்றார்.

நீலம் என்று சொல்லியிருக்கலாம். டிரைவர் இல்லாமல் ஓடாத வண்டி அது. ஆனால் எனக்கும் வீம்பு உண்டு. "சாம்பல்தான் தம்பி. நாளைக்கு எனக்கும் கண்ணு மங்கும். அது பாத்துக்கும்" என்றேன், அம்மா காதில் விழும்படி.

மேஜைக்குத் திரும்பி வந்து தம்பி அம்மாவிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "அண்ணா வண்டி ஓட்டற வரைக்கும் நீ இங்கே இரு. அவர் வேண்டாம்னு போனா நீ என்னோட வந்துடணும்." அம்மா தலையை மட்டும் ஆட்டினார். இப்படியாக என் வேலை தங்கியது. அம்மாவுக்கு ஊரும் தங்கியது. ஆனால் வேலைக்காகச் சொல்கிறான் என்று அம்மா சொன்ன அந்தச் சொல் எனக்குள் தைத்தபடியே கிடந்தது. தம்பி ஊருக்குப் போனார். புது வண்டி வருகிற வரைக்கும் அம்மாவும் நானும் "போலாம்", "நிறுத்து" தவிர எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

வண்டி வந்த அன்று பிள்ளையார் கோயிலில் மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். வழக்கப்படி வலது பின்கதவைத் திறந்து பிடித்தேன். அம்மா சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய் ஏறினார். கை ஒரே முறைதான் ஊன்றினார். கண்ணாடியில் இரண்டு வருஷம் கழித்து அவர் முகம் தெரிந்தது.

"சாந்தோம் பக்கம் போ" என்றார்.

கடலோரச் சாலையில் அந்தப் பெண் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். "எடது பக்கம் அன்னிக்குத் திட்டுன அம்மா கீறாங்க" என்றேன். நிறுத்தச் சொன்னார். கண்ணாடியை இறக்கி, கழுத்தை முழுசாகத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"தப்பு என் மேலதாம்மா. கண்ணு தெரியாததை மறைச்சேன். நிஜம் சொன்னவனையும் பொய்யன்னு சொன்னேன்."

அவளுக்குப் பாதி புரியவில்லை. "அட, வுட்டுத் தள்ளும்மா. மீனு வாங்கறியா?"

"நாங்க சாப்பிடறதில்லை" என்றார் அம்மா. பிறகு, "இவனுக்கு நல்லதா பாத்துக் குடு. வண்டி டிக்கியில வெச்சிடு" என்றார்.

அவள் ஒரு வஞ்சிரத்தைக் கவரில் சுற்றி டிக்கியில் வைத்தாள். புது வண்டியின் தோல் வாசனைக்கு நடுவே மீன் வாசனை மெல்ல முன்னால் வந்தது. வீட்டுக்குத் திருப்பவா என்று கேட்டேன்.

"இல்லை, முதல்ல உன் வீட்டுக்குப் போ. மீன் கெட்டுப்போயிடும்" என்றார் அம்மா. "பெரும்பாக்கத்துக்கு நான் வந்ததே இல்லையே. வழியில எடது பக்கம் என்னென்ன இருக்குன்னு சொல்லிண்டே வா."