ரத்தம் எப்படிப் பட்டது?

டாக்டருக்குச் சேர வேண்டிய பணத்தை நோயாளியின் லுங்கி மடிப்பிலிருந்து கல்லாவுக்குக் கொண்டுவருவதுதான் என் உத்தியோகம். உங்களில் யாராவது கல்லாவில் உட்கார்ந்திருந்தால் இந்த அவஸ்தை புரியும். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் இருக்கும் எங்கள் கிளினிக்கில் கூடுதலாக ஒரு தொல்லை. அடுத்தவர் ரத்தம் பட்டு, காமாலையோ எய்ட்ஸோ தொற்றியிருக்குமோ என்று பயந்து வருகிறவர்களைச் சோதித்து ரிப்போர்ட் எழுதுவார் எங்கள் டாக்டரம்மா. பர்மிய வழக்கப்படி அவரை ஸயாமா என்றுதான் கூப்பிடுவோம். உதவப் போய் ரத்தம் பட்டதென்றால் ஃபீஸ் கிடையாது, வேலையில் பட்டதென்றால் முதலாளி கட்ட வேண்டும் என்பது அவர் சட்டம். அதனால் எப்படிப் பட்டது என்று கேட்காமல் என்னால் பில் போட முடியாது.

பாதிப் புண்ணியம்

பஸ் கண்டக்டர் கோ முருகன், லாரி மோதிக் கிடந்த ஒரு பெரியவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர். அவர் கையிலிருந்த வெட்டுக்காயத்தில் பெரியவரின் ரத்தம் பட்டுவிட்டது. சோதனையெல்லாம் முடிந்து, பயமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. ஃபீஸ் வேண்டாம் என்றேன். மனுஷனுக்கு முகம் சுண்டிவிட்டது. இந்த ஊரில் புண்ணியத்தை, அதாவது குத்தோவை, யாரும் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அவர் பணத்தை என் பக்கம் தள்ள, நான் அவர் பக்கம் தள்ள, கடைசியில் கேட்டார்:

"தூக்குனது நானு. காசு வாங்காம குத்தோல பாதிய ஸயாமா எடுத்துக்கிட்டா எப்படிக்கா?"

ஒன்றுமில்லாததற்குப் பணம்

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கடையில் மா கின்னுக்கு வேலை. விரிப்பில் மறைந்திருந்த ஊசி அவள் விரலில் ஏறிவிட்டது. கடைசி ரிப்போர்ட் வர வேண்டிய அன்று என் கையை விடவே இல்லை, பாவம். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவளுடைய முதலாளி பாய் முனகாமல் முழுப் பணத்தையும் வைத்தார். மறுநாள் எங்களுக்குப் பிரியாணிகூட அனுப்பினார். ஆனாலும் வியாபாரி அல்லவா, ரசீதை வாங்கும்போது கேட்காமல் இருக்க முடியவில்லை:

"ஏம்மா, ஒண்ணுமில்லேன்னு எழுதுறதுக்கா இம்புட்டுக் காசு?"

நானும் வரிசையில்

ஒருநாள் குப்பைக்கூடையை நகர்த்தும்போது, பஞ்சுக்குள் கிடந்த ஊசி என்னையே குத்திவிட்டது. கடைசிச் சோதனைக்குச் சில மாதம் காத்திருக்க வேண்டும். தட்டு, தம்ளராலோ தொடுவதாலோ நோய் ஒட்டாது என்று ஊருக்கெல்லாம் சொல்பவள் நான். அப்படியிருந்தும் என் சின்ன மகளை அவள் அப்பா பக்கத்தில் படுக்கவைத்துவிட்டு நான் சுவரோரம் கிடந்தேன். அவள் அழுதாலும் கிட்டே போகப் பயந்தேன்.

ரிப்போர்ட் வந்த அன்று ஸயாமா உள்ளே இருந்த நோயாளியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார். காகிதத்தை என் முன்னால் வைத்தார். ஒன்றுமில்லை. பிறகு தன் கைப்பையைத் திறந்து ஃபீஸை எண்ணிக் கல்லாவில் போட்டார். வேலையில் பட்டது, முதலாளிதான் கட்ட வேண்டும் என்றார். ரசீதில் அவர் பெயரை எழுதப் போனேன், கண்ணீரில் கோடே தெரியவில்லை. அவர் பேனாவை வாங்கி மூடினார்.

"ரசீத நாளைக்கு எழுதிக்கலாம். இன்னிக்காவது புள்ளையப் பக்கத்துல போட்டுக்கிட்டுத் தூங்கு."

இப்போதெல்லாம் ஒன்றுமில்லை என்று எழுதுவதற்கா இவ்வளவு காசு என்று யாராவது கேட்டால், ரொம்ப மலிவு என்று சொல்லிவிட்டு ரசீதைக் கிழித்துக் கொடுக்கிறேன்.