யூ மரத்துக்கு யார் தண்ணீர் ஊற்றுவது

எங்கள் வீட்டில் விடிந்ததும் முதலில் நலம் விசாரிக்கப்படுவது நானல்ல, ஒரு மரம். என் கணவர் பல் விளக்கிய கையோடு பின்கதவைத் திறந்து, ஒரு முழ உயரத்தில் தொட்டிக்குள் நிற்கும் யூ மரத்தின் மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பார். ஈரம் இருந்தால் முகம் தெளிந்து காபி கேட்பார். காய்ந்திருந்தால் "நேத்து சாயங்காலம் ஊத்தினியா இல்லியா?" என்று ஆரம்பித்துவிடுவார். எனக்குக் காய்ச்சலா என்று அந்த விரலை என் நெற்றியில் வைத்துப் பார்த்ததாக நினைவில்லை. இதை எழுதும்போதே எரிச்சல் வருகிறது, வரட்டும்.

ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். காட்டில் பிரம்மாண்டமாக வளர வேண்டிய மரத்தின் வேரை வெட்டி, கிளைகளைக் கம்பியால் வளைத்து, தாம்பாள அளவுத் தொட்டியில் காலமெல்லாம் அடக்கி வைப்பதற்குப் பெயர் போன்சாய். இதை எங்களுக்குக் கொடுத்தவர் இங்கிலாந்தில் எங்கள் தெருவில் இருந்த ஹாரல்ட் என்ற கிழவர். முதியோர் இல்லத்துக்குக் கிளம்பும்போது இதைத் தூக்கிவந்து என் கணவரிடம் ஒப்படைத்தார். யூ மரம் இங்கே கல்லறைத் தோட்டங்களில் நிற்பது. இலையும் விதையும் விஷம். சுடுகாட்டு மரத்தை வீட்டில் வைப்பார்களா என்று தமிழில் முணுமுணுத்தேன். "உங்கள் கணவருக்குப் பொறுமை அதிகம்" என்றார் ஹாரல்ட். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மரம் கிடைத்த சந்தோஷத்தில் சிரிக்கிறேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அன்றிலிருந்து எங்கள் வருடத்தை அந்த மரம்தான் நடத்தியது. குளிர் விடும் காலத்தில் தொட்டியிலிருந்து பெயர்த்து, வேரைச் சீவிக் கட்டி, புது மண் மாற்ற வேண்டும். அந்த வாரம் விருந்தாளி வரக்கூடாது. மே மாதத்தில் இளம்பச்சையாகத் துளிர் விட்டதும் அதை நகத்தால் கிள்ள வேண்டும். கோடையில் காலையும் மாலையும் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பாம், அதனால் கூரையிலிருந்து வழியும் மழைத்தண்ணீரைப் பிடித்துவைக்க ஒரு நீல வாளி. இலையுதிர் காலத்தில் கம்பி சுற்றுவது. பனிக்காலத்திலாவது வீட்டுக்குள் வைக்கலாமென்றால் கூடாது, அதற்குக் குளிர் வேண்டுமாம். ஹீட்டர் இல்லாத தோட்டத்துக் கொட்டகையில் அதை வைத்துவிட்டு, வேர் உறைந்துவிட்டதா என்று டார்ச்சோடு போய்ப் பார்ப்பார். ஹீட்டர் இருந்தும் நடுங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்க்க டார்ச் தேவைப்பட்டதில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், இவர் ஆரணியை விட்டு ஓடிவந்ததே இப்படி ஒன்றிடமிருந்துதான். என் மாமனார் பட்டு நெய்தவர். தறியில் பாவு நூல் ஏறிவிட்டால் நல்லது கெட்டது எதற்கும் போகமாட்டார். சொந்த அக்காள் மகள் கல்யாணத்துக்குக்கூட மாமியாரைத் தனியாக அனுப்பியவர். மழைக்காலத்தில் நூல் பிசுபிசுக்கிறது என்று வீடே வாயை மூடிக்கொண்டு நடக்க வேண்டும். "தறி எங்கப்பாவைக் கட்டிப்போட்டு வச்சிருந்துச்சி, நான் மாட்டமாட்டேன்" என்று பெண் பார்க்க வந்த அன்றே என்னிடம் சொன்னவர் இவர். நானும் தறிக்காரர் வீட்டுப் பெண் என்பதால் அந்தப் பேச்சில்தான் மயங்கினேன். எங்கள் கல்யாணம் தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. மரம் அதற்கு இரண்டாம் வருடம் வந்தது.

என் தங்கை கோமதிக்குக் கலசப்பாக்கத்து மாப்பிள்ளை அமைந்தது. ஆவணியில் முகூர்த்தம். ஆவணி என்றால் இங்கே கோடை முடிந்திருக்காது. "ரெண்டு பேரும் போயிட்டா மரத்துக்கு யார் தண்ணி ஊத்துறது? நான் இல்லாதப்ப நீ, நீ இல்லாதப்ப நான்னுதானே ஓடுது" என்றார். அவருக்கு அடிக்கடி வேலை நிமித்தம் வெளியூர் பயணம். கடைசியில் ஜூனில் வர இருந்த மாமியாரிடம் மரத்தைப் பழக்கிவிட்டு நான் மட்டும் போகலாம் என்று அனுமதி கிடைத்தது. கூடப் பிறந்தவளின் கல்யாணத்துக்குப் போக மரத்திடம் அனுமதி வாங்கிய ஒரே ஆரணிக்காரி நானாகத்தான் இருப்பேன்.

மாமியார் வந்தார், தண்ணீர் ஊற்றப் பழகினார். ஒரு சனிக்கிழமை என் கணவரின் போன்சாய் கிளப்பிலிருந்து ஆண்களும் பெண்களுமாகக் கூட்டம் வந்தது. மரத்தைச் சுற்றி நின்று "பியூட்டிஃபுல், ஒண்டர்ஃபுல்" என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அது இந்த ஊர் மரியாதை. மாமியாருக்கு அது தெரியாது.

"இன்னாம்மா இது, ஒருத்தி பாக்கியில்லாம வாயைப் பொளந்துகினு நிக்கறாளுங்க" என்று என் காதில் சொன்னார். முகத்தில் நிஜமான பயம். நான் சமோசா பொரிக்கப் போய்விட்டேன்.

ஜூலை முடியும்போது இலைகள் நுனியிலிருந்து பழுப்பாகத் தொடங்கின. கீழ்க்கிளை முழுவதும் துருப்பிடித்ததுபோல் ஆயிற்று. என் கணவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்தார்.

"எதை ஊத்தின?"

"நான் எதையும் ஊத்தல."

"மரம் செத்தா உனக்கு ரூட் கிளியர். அப்புறம் யாரைக் கேக்கணும், எப்ப வேணா ஊருக்குப் போலாம்."

மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. அந்த மனிதரோடு இனி ஒரு கூரையின் கீழ் இருக்க முடியாது என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது உண்மை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் துணி எடுக்கப் பின்பக்கம் போனேன். மாமியார் மரத்தின் முன்னால் நின்று, கல்லுப்பையும் மிளகாயையும் கையில் மூடி, மரத்துக்குத் திருஷ்டி சுற்றிக்கொண்டிருந்தார். ஊரில் என்றால் அதை அடுப்பு நெருப்பில் போடுவார்கள். இங்கே எங்கள் மின்சார அடுப்பில் நெருப்பே கிடையாது, தட்டுதான் சிவக்கும். அதனால் மிளகாயைப் புதரில் வீசிவிட்டு, உப்பை நீல வாளியில் போட்டுக் கரைத்தார். கிளப்காரர்கள் வந்த நாளிலிருந்து வெள்ளியும் செவ்வாயும் இதுதான் நடந்திருக்கிறது.

"அத்தை, அந்தத் தண்ணியதான் மரத்துக்கு ஊத்தறோம்."

"தெரியும்மா. உப்புதானே, இன்னா பண்ணிடும்? நம்மூர்ல தென்னம்பிள்ளைக்கு உப்பு போட்டுதானே நடறோம்."

"அதான் மரம் காயுது. அவராண்ட நீங்களே சொல்லிடுங்க."

உப்பு ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "நான் சொன்னா பேஜாராயிடும்மா. நீ ஒரு பேச்சு வாங்கிகினா இன்னா? தெனம் வாங்கறதுதானே."

அப்போதே உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் தன் அம்மாவை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, "அம்மாவுக்கு இன்னா தெரியும், பாவம்" என்றார். நான் செய்திருந்தால் சதி, அம்மா செய்தால் பாவம். என்னிடம் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. மரத்தைத் தூக்கிக்கொண்டு போய் வேரைத் திரும்பத் திரும்ப நல்ல தண்ணீரில் அலசினார். திரும்பி வந்து, "இனிமே அம்மாவை நம்பி வுட முடியாது. நீ ஊருக்குப் போறது நடக்காது" என்றார்.

"நான் போறேன்" என்றேன். போய்விட்டேன்.

ஆரணி மண்டபத்தில் எல்லோருக்கும் ஒரே கேள்வி, வீட்டுக்காரர் ஏன் வரவில்லை. மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்று உண்மையைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. கண்ணமங்கலத்திலிருந்து வந்திருந்த சித்தி என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். "எத்தினி நாளா பேச்சுவார்த்தை இல்ல? சண்டைன்னு சொன்னா நாங்க இன்னா தூக்குலயா போடப்போறோம்."

"சண்டை வேற சித்தி. மரம் நிஜம்."

"ஒரு நாள் தண்ணி இல்லன்னா சாவற மரம் ஒரு மரமா? புடுங்கிக் கடாசிட்டு வரதுதானே."

வருடக்கணக்காக நானே அவரிடம் சொன்ன பேச்சு அது. சித்தி வாயிலிருந்து கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது ஹாரல்டைவிட வயதானது, அடித்தண்டு என் மணிக்கட்டு பருமன், வேர் இவ்வளவுதான், அதனால்தான் தண்ணீர் இல்லாமல் தாங்காது என்று கையால் அளந்து காட்டி மூச்சு விடாமல் பேசினேன். சித்தி என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வெற்றிலைத் தட்டைத் தேடிப் போய்விட்டாள்.

பந்தியில் சாம்பாருக்குச் சோற்றைக் குழித்துக்கொண்டிருந்தபோது தம்பி செல்போனை நீட்டினான். மாமா லைனில் இருக்கிறார் என்றான். உள்ளே நாதஸ்வரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எச்சில் கையோடு எழுந்தேன். மேடையிலிருந்து கோமதி, "அக்கா, போட்டோவுக்கு ஜல்தி வா, எல்லாரும் நிக்கறாங்க" என்று கூப்பிட்டாள். இதோ வருகிறேன் என்று இடது கையைக் காட்டிவிட்டு வாசலுக்குப் போனேன்.

"மரம் எப்படிங்க இருக்கு?"

"கீழ்க்கிளை போச்சி" என்றார். "மேல பச்சை இருக்குது."

காலையில் ஊற்றினீர்களா, வெயில் ஏறிய பிறகா என்று கேட்டேன். வாளியை நன்றாகக் கழுவினீர்களா என்று கேட்டேன். போன கிளையை உடனே வெட்ட வேண்டாம், குளிர் வரட்டும் என்றேன். வெயிலில் நின்று இன்னும் என்னென்னவோ கேட்டேன். கையில் சோறு காய்ந்துவிட்டது.

உள்ளே போனபோது போட்டோ எடுத்து முடித்து எல்லோரும் மேடையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பந்திக்குத் திரும்பினால், என் இலையையும் எடுத்துவிட்டிருந்தார்கள்.