விளக்கு நகர்ந்தபோது

சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. கட்டிலில் படுத்திருந்த மகள் தூங்குகிறாளா என்று பார்க்க செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தேன். கை தவறி வெளிச்சம் அவள் காலுக்கு நழுவ, முகம் இருட்டுக்குள் போயிற்று. இதேபோல் ஒரு விளக்கு நகர்ந்தது நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு ஏழு வயது. அம்மா புத்தூர் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். ஸ்ரீரங்கத்தில், பெருமாள் சன்னதியில், அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு நின்றார். துளசியும் பச்சைக் கற்பூரமும் மணக்கும் இருட்டு. அதற்குள், அதைவிடக் கரிய இருட்டாக, நீளமாகப் பெருமாள் படுத்திருந்தார். அர்ச்சகரின் விளக்கு முகத்தருகே போனது. நான் கண்களைத் தேடுவதற்குள் திருவடிக்கு இறங்கிவிட்டது.

"நகருங்கோ, நகருங்கோ!"

வெளியே வந்து என்னை இறக்கிவிட்டதும் கேட்டேன். "நாம வேண்டிண்டது அவருக்குக் கேட்டிருக்குமாப்பா? தூங்கிண்டிருந்தாரோ?"

தினமும் சேவிக்கிற அப்பா, "தெரியலையேடா" என்றார். கூப்பிய கைகளை மட்டும் பிரிக்கவில்லை.

அம்மா பிழைத்து வந்தாள். கடவுள் உண்டா என்று கேட்பவர்களுக்கு இன்றும் அப்பாவின் பதில்தான் என் பதில். உண்டு என்று சொல்ல, அந்தக் கண்களை நான் பார்க்கவில்லை. இல்லை என்று சொல்ல, அந்த இருட்டு என்னை விடவில்லை.

வெளிச்சத்தை மறுபடி மகளின் முகத்துக்குக் கொண்டுபோனேன். மூடிய கண்களைத் திறக்காமலே அவள் கேட்டாள்.

"அப்படி என்னப்பா பாக்கறே?"