ஒரு கட்டை கூடுதல்

கோவில்பட்டிப் பக்கம் மேடை நாடகத்துக்கு ஆர்மோனியம் என்றால் சீனிதான். வயது அறுபதைத் தாண்டியும் கை தளரவில்லை, வாயும் தளரவில்லை.

அவர் நாடக செட்டில் மெட்டுப் போடுகிறவர் சின்னக்கருப்பன், தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்காரர். செல்போனில் பிஸே என்ற பிரெஞ்சுக்காரரின் பாட்டைக் கேட்டதிலிருந்து கிறுக்குப் பிடித்து அலைந்தார்.

“அவியளும் பாட்டு நாடகக்காரவதான் அண்ணாச்சி. நூத்தம்பது வருசம் இருக்கும். அரங்கேத்தத்துல சனங்க ஏத்துக்கிடல. மூணே மாசத்துல செத்துட்டாவ. பொறவு ஒலகமே பாடுது.”

“அப்போ நீயும் பாத்து இருந்துக்கடே,” என்று சீனி சிரித்தார்.

அந்தப் பாட்டின் சாயலில், படிப்படியாக வழுக்கி இறங்குகிற மெட்டு ஒன்றை கதாநாயகி வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் காளீஸ்வரிக்குப் போட்டார் சின்னக்கருப்பன். கேட்டதுமே சீனிக்கு வயிறு எரிந்தது. நாற்பது வருசம் வாசித்த தனக்கு இப்படி ஒன்று வரவில்லையே.

பசுவந்தனைக் கோயில் கொடையில் சீனி சுருதியை ஒரு கட்டை கூட்டி வைத்தார். காளீஸ்வரியின் குரல் மேலே எட்டாமல் உடைந்தது. கூட்டம் பழைய மெட்டைக் கேட்டுக் கத்தியது. “மெட்டுதான் சரியில்லபோல,” என்று தலைகுனிந்த சின்னக்கருப்பனிடம், “விடுடே,” என்றார் சீனி. அவ்வளவுதான் சொன்னார், பாவி மனுசன்.

அடுத்த கொடை வருமுன் மாரடைப்பில் சின்னக்கருப்பன் போய்விட்டார். விளாத்திகுளம் கொடையில் சீனி அதே மெட்டைச் சரியான கட்டையில் வாசித்தார். காளீஸ்வரியை மூன்று தடவை பாடச் சொன்னார்கள். ஊர்க்காரர்கள் சீனிக்குத் துண்டு போர்த்தினார்கள். அது தோளில் கிடந்து முள்ளாகக் குத்தியது.

விடிந்ததும் துண்டோடு சின்னக்கருப்பனின் மனைவி தங்கமாரியிடம் போய், சுருதியைக் கூட்டி வைத்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

“அவியளுக்குத் தெரியும் அண்ணாச்சி,” என்றாள் தங்கமாரி. “அன்னைக்கே வீட்டுக்கு வந்து அந்தக் கட்டையில பாடிப் பாத்தாவ. அவியளுக்கும் எட்டல.”

“பின்ன ஏன் தாயி எங்கிட்ட கேக்கல?”

“கேட்டா கூசிப்போயி நீங்க வாசிக்க வரமாட்டியன்னு சொன்னாவ. அடுத்த கொடைக்கு அண்ணாச்சியே சரியா வச்சிருவாருன்னு காத்துக்கிட்டு இருந்தாவ.”

சீனி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.