புதுநன்மை அன்று குடித்த தண்ணீர்

பங்கு போட்டுக்கொள்வது என்றாலே எனக்கு ஆகாது. சின்ன வயதில் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்படிப்பட்டவளுக்கு வந்து வாய்த்தாள் என் சித்தி மகள். சித்தி காச நோயோடு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டதால், ராயபுரத்தில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இருவருக்கும் எட்டு வயது. என் பாய், என் சீப்பு, என் அம்மா, எல்லாவற்றிலும் பாதி போயிற்று.

யுத்தம் முடிந்திருந்த சமயம், துணிக்கு ஏகத் தட்டுப்பாடு. நாங்கள் இருவரும் புதுநன்மை வாங்க வேண்டும், அதாவது முதல்முறையாக நற்கருணை. அதற்காக அப்பா ஹார்பரில் யார் யாரையோ பிடித்து வெள்ளை மல் துணி கொண்டுவந்தார். பஃப் கை வைத்து எனக்கு ஒரு கவுன் தாராளமாக வரும். அம்மாவோ அதில் இரண்டு தைத்துவிட்டாள். இரண்டுக்கும் கையே இல்லை.

“சேசுநாதரு அஞ்சு அப்பத்த அஞ்சாயிரம் பேருக்குக் குடுத்தாரு. உன்னால ஒரு மொழம் துணி குடுக்க முடியலையாடி?” என்றாள் அம்மா.

“அவரு அப்பம்தான் குடுத்தாரு. கவுனா குடுத்தாரு?”

முதுகில் பளீரென்று ஒன்று விழுந்தது. அதற்கும் சேர்த்து சித்தி மகளை ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று அன்றே தீர்மானித்தேன்.

அந்தக் காலத்தில் நன்மை வாங்குகிறவர்கள் முந்தின நடுராத்திரியிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கூடாது. குடித்தால் அன்றைக்கு நன்மை கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம். வெயில் ஏறிவிட்டது. முகம் கழுவக் குழாயடிக்குப் போன சித்தி மகள், இரண்டு கை தண்ணீரைக் குடித்தும்விட்டாள். மறந்துபோய்த்தான் குடித்தாள், அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் சிஸ்டரிடம் ஓடினேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை நீட்டிக் காட்டினேன்.

“குடிச்சியா?” என்று சிஸ்டர் கேட்டதும் தலையாட்டினாள். ஒரு பொய் சொல்லத் துப்பு இருந்ததா அவளுக்கு? சிஸ்டர் அவள் தலையிலிருந்த பூமுடியைக் கழற்றிக்கொண்டு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லி, உள்ளே கடைசி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்.

ஜெயித்தாயிற்று. வரிசையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். பூசை முடிந்ததும் அவள் பூமுடியோடு ஆஸ்பத்திரிக்குப் போய், “எம்மா, நன்மை வாங்கிட்டேன்” என்று சித்தியிடம் சொல்ல வேண்டும். ஒரு வாரமாக அவள் வாயில் வேறு பேச்சே இல்லை. அது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டாய் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. அவளைத் தனியாக விட்டுவிட்டு நான் மட்டும் நன்மை வாங்குவதில்லை, முடிவென்றால் முடிவுதான். யாரும் பார்க்காத நேரம் குழாயடிக்குப் போய் வயிறு முட்டக் குடித்தேன். பூமுடியை நானே கழற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“இன்னாடி, இங்க வந்து குந்திகினே?”

“நானும் தண்ணி குடிச்சிட்டேன்.”

அவள் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தாள். “யாராச்சும் பாத்தாங்களா?”

“இல்ல.”

“அப்ப எழுந்து போ. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். போடி, மணி அடிக்கப் போறாங்க!” என்று என் கையிலிருந்த பூமுடியைப் பிடுங்கி என் தலையிலேயே வைத்து அழுத்தினாள்.

நான் அசையவில்லை. சிஸ்டர் வந்து கூப்பிட்டபோது, நானும் குடித்தேன் என்று கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளல் ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது. அவளுக்காக எவ்வளவு பெரிய தியாகம் செய்திருக்கிறேன் என்ற வீறாப்பில் அதையும் தாங்கிக்கொண்டேன். அவள்மேல்தான் எரிச்சலாக வந்தது. காட்டிக்கொடுத்தவளைத் திருப்பிக் காட்டிக்கொடுக்கக்கூடத் தெரியவில்லையே, இப்படியும் ஒரு அசடா என்று.