கிளச்சை மெல்ல விடு, ராசா!

சின்னப்பிள்ளையளுக்குக் கியர் வண்டி பழக்கிற ஆக்களுக்குப் பொழுதுபட்டால்தான் மூச்சு வரும். என்னைப்போலை இதுக்குள்ளை மாட்டுப்பட்டவை ஆரும் இருந்தால் இப்பவே தலையாட்டுவீங்கள்.

நான் வேலை செய்யிறது ஒரு மோட்டார் சைக்கிள் கடையிலை. கனகாலம் ஸ்பெயார் பார்ட்ஸ் கவுண்டருக்குப் பின்னாலை நட்டும் போல்ட்டும் எடுத்துக் குடுத்துக்கொண்டு, காத்தும் இல்லாமல் அவிஞ்சு கிடந்தனான். பிறகுதான் முதலாளி பிள்ளையளுக்கெண்டு செய்த மோட்டோகுரோஸ் வண்டியள் இறக்கினார். ரோட்டிலை ஓடுற சாமான் இல்லை, மண்ணிலை ஓடிப் பழகுறது. வண்டி சின்னனெண்டாலும் கிளச்சும் கியரும் பெரியாக்களின்ரை வண்டி மாதிரியே. வாங்குற பிள்ளைக்கு நாங்களே பழக்கிக் குடுக்கவேணும் எண்டு அரியாலையிலை ஒரு வெறும் வளவை எடுத்து, என்னை அங்கை விட்டார். விடேக்கை சொன்ன சொல்லு இன்னும் காதுக்குள்ளை நிக்குது: "ஒரு பிள்ளைக்கு எலும்பு முறிஞ்சாலும் வளவைப் பூட்டிப்போடுவன். நீர் திரும்பக் கவுண்டர்தான்." ஐயோ, அந்தக் கவுண்டர்!

வேலிக்காலை போனவன்

முதல் வந்தவன் கவின், பத்து வயசு. "எனக்கு ஓடத் தெரியும் அக்கா" எண்டு பெரிய எடுப்பு. என்ன தெரியுமெண்டால், தாயின்ரை ஸ்கூட்டியிலை முன்னுக்கு நிண்டு ஹாண்டில் பிடிச்ச பழக்கம். எங்கடை ஊரிலை ஸ்கூட்டி ஓடாத அம்மா ஆர்? ஆனால் ஸ்கூட்டியிலை இடக்கைப் பிடி பிறேக். இந்த வண்டியிலை இடக்கைப் பிடி கிளச். பிறேக் வலக்கையிலையும் வலக்காலிலையும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வத்தினதுதான் மிச்சம்.

வேலி கிட்ட வர, பெடியன் நிப்பாட்டுறன் எண்டு இடக்கையை இறுக்கிப் பிடிச்சான். கிளச் பிடிச்சால் எஞ்சின்தான் விடுபடும், ரயர் நிக்காது; பிடிக்கப் பிடிக்க வண்டி இன்னும் சுகமாய் உருண்டுது. பனையோலை வேலியைப் பிச்சுக்கொண்டு பக்கத்து வளவு ஆட்டுக்கொட்டிலடியிலை போய்த்தான் நிண்டான். நான் கத்திக்கொண்டு ஓடினன். ஒரு கீறலும் இல்லை, ஹெல்மெற்றிலை ஓலை மட்டும் செருகியிருந்துது. அப்பாடா எண்டு நிக்கேக்கை வீட்டுக்கார ஐயா சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு வாறார். இண்டைக்கு ஏச்சு விழப்போகுது எண்டு பாத்தால், அவர் பெடியனை மேலும் கீழும் பாத்திட்டு, "தம்பி, அடுத்தமுறை கேற்றாலை வா. பூட்டேல்லை" எண்டார்.

தேசிக்காய்

புது வண்டியெண்டால் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோகாமல் விடுவமோ? சஞ்சய் எண்ட பெடியனின்ரை தேப்பன் என்னையும் வரச் சொல்லிட்டார். ஐயர் ரயருக்கு முன்னாலை தேசிக்காய் வைச்சார். பெடியன்தான் ஓடி நசிக்கவேணுமெண்டு தேப்பனுக்கு ஒரே பிடிவாதம். "கிளச்சை மெல்ல விடு, ராசா" எண்டு நான் பக்கத்திலை நிண்டு கெஞ்சிறன். அவன் பயத்திலை டக்கெண்டு விட, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நிண்டுபோச்சு. திரும்ப ஸ்ராட், திரும்பக் குலுக்கல். தேசிக்காய் ஒரு காயமும் இல்லாமல் கிடக்குது. சனமும் கூடிட்டுது. தப்பித்தவறி வண்டி பாஞ்சால் முன்னுக்கு நிக்கிற ஐயரும் கற்பூரத்தட்டும் என்ன ஆகிறது? நான் மனசுக்குள்ளை பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திட்டன். கடைசியிலை ஐயரே தட்டை ஒருபக்கம் வைச்சிட்டுச் சொன்னார்: "தம்பி, நியூட்ரலிலை போடும், நாங்கள் தள்ளிவிடுறம். பிள்ளையார் கியர் பாக்கிறேல்லை."

நேர்ஸ் அம்மா

போன கிழமை பருத்தித்துறையிலையிருந்து ஒரு அம்மா மகளோடை வந்தா. மகள் துளசி, பதினொரு வயசு. என்ன வேலை செய்யிறீங்கள் எண்டு கேட்டன்; கேட்டிருக்கக்கூடாது. ஆஸ்பத்திரியிலை எலும்பு முறிஞ்ச ஆக்களின்ரை வார்ட்டிலை நேர்ஸாம். நான் துளசியின்ரை ஹெல்மெற் வாரை இன்னொருக்கால் இழுத்து இறுக்கினன்.

துளசி கெட்டிக்காரி. ஒண்டு, ரெண்டு எண்டு கியரை மாத்தி வடிவாய் ஓடினாள். மூண்டாம் கியரிலை அப்பிடியே வளைவுக்குள்ளை வந்தாள். அங்கை மணல் கும்பி. முன் ரயர் வழுக்கி, பொத்தெண்டு விழுந்தாள். கையிலை கட்டி எஞ்சின் சுவிச்சிலை கொழுவியிருந்த கயிறு இழுபட்டு எஞ்சின் நிண்டிட்டுது. அதுக்குத்தான் அந்தக் கயிறு. ஆனால் பிள்ளை எழும்பேல்லை.

எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை. தாய் ஓடேல்லை, நடந்துதான் போனா. "அசையாதை" எண்டு சொல்லி, கழுத்து, காறையெலும்பு, முழங்கை, மணிக்கட்டு எண்டு ஒவ்வொண்டாய்த் தடவிப் பாத்தா. அந்தநேரம் எனக்குக் கவுண்டரும் நினைவில்லை, முதலாளியும் நினைவில்லை. அந்தப் பிள்ளை விரலை அசைச்சால் காணும் எண்டிருந்துது. துளசி எழும்பி இருந்து, வாயிலை கிடந்த மண்ணைத் துப்பிப்போட்டு, "அம்மா, விழமுன்னம் கிளச் பிடிச்சனான், கண்டனீங்களோ?" எண்டாள். எனக்குச் சந்தோசத்திலை அழுகை வந்திட்டுது. அந்த மணலிலையே குந்திட்டன்.

அந்த அம்மா வந்து என்ரை மணிக்கட்டைப் பிடிச்சுக்கொண்டு தன்ரை மணிக்கூட்டைப் பாத்தா. பிறகு சொன்னா: "அவளுக்கு ஒண்டுமில்லை. உமக்குத்தான் நாடி பறக்குது. தண்ணி குடிச்சிட்டு வாரும், அந்த வளைவை அவளுக்குத் திருப்பிப் பழக்கவேணும்."

வளவு இண்டைக்கும் திறந்துதான் கிடக்கு, ஏனெண்டால் எங்கடை முதலாளி முறிஞ்ச எலும்பைத்தான் எண்ணுறார், பழக்கிறவளின்ரை நெஞ்சுப் பதகளிப்பை எண்ணுறேல்லை.